‘நெய் நல்லதா?’ என்ற கேள்வியில் விடுபட்ட பாதி

நெய் நல்லதா, கெட்டதா? ஆடை எடுக்காத பால் குடிக்கலாமா? மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் மாரடைப்பு வராதா? உணவு பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் நம்மவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான். கேட்கிறவர் எதிர்பார்ப்பது ஆம் அல்லது இல்லை. ஆய்வாளர்கள் இரண்டையும் சொல்லாமல் இழுக்கிறார்கள். போன வருடம் ஒன்று சொன்னார்கள், இந்த வருடம் வேறு சொல்கிறார்கள் என்று அலுத்துப்போய், கடைசியில் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடுகிறோம்.

கேள்வியில் பாதி விடுபட்டிருப்பதுதான் சிக்கல் என்பது என் கருத்து. நெய் என்றால், எதற்குப் பதிலாக நெய்? மாத்திரை என்றால், யாருக்கு மாத்திரை? இந்த இரண்டையும் கூடவே கேட்கப் பழகினால், ஒன்றோடொன்று மோதுவது போலத் தெரியும் செய்திகளில் பாதிக்கு மேல் மோதலே இல்லை என்று புரியும்.

மருந்தைச் சோதிப்பது ஓரளவு எளிது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. உணவில் அப்படிச் செய்ய வழியில்லை. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் அதில் 200 கலோரி நெய்யைக் குறைத்தால் மாலையே பசிக்கும். அந்த 200 கலோரி வேறு ஏதாவது ஒன்றாக உள்ளே போகும். இலையில் ஒன்றை ஒதுக்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து விழுகிற மாதிரி. அது சுண்டலா, மைதா பிஸ்கட்டா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உணவு ஆய்வு ஒவ்வொன்றும் இரண்டு உணவுகளை ஒப்பிடுகிற ஆய்வுதான்.

கொழுப்பில் வகை இருக்கிறது

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்ற கொழுப்பு. ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பல்நிறைவுறாக் கொழுப்பு. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகளை நெருக்கி அடுக்க முடியாததால் கடலை எண்ணெய் நம் ஊரில் எப்போதும் திரவமாகவே இருக்கிறது. நிறைவுற்றவை நேராக நின்று நெருங்கிக்கொள்வதால் நெய்யும் தேங்காயெண்ணெயும் மார்கழிக் காலையில் உறைந்துவிடுகின்றன.

எந்த எண்ணெயும் ஒரே வகைக் கொழுப்பால் ஆனதில்லை. தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 சதவீதத்தைத் தாண்டும். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. நல்லெண்ணெயின் மீதிப் பகுதியில் ஒற்றையும் பலவுமான நிறைவுறாக் கொழுப்புகள் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி பல்நிறைவுறாக் கொழுப்பு.

நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்டிஎல் துகள்களைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. அதனால் ரத்தத்தில் எல்டிஎல் கூடுகிறது. கூடிய எல்டிஎல் தமனிச் சுவருக்குள் நுழைந்து படிகிறது. இந்தக் கடைசிப் படியைப் பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை. பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் இளம் வயதில் மாரடைப்பு வருகிறது. மரபணுக் காரணத்தால் எல்டிஎல் குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் குறைவு. மருந்தால் எல்டிஎல்லைக் குறைத்தாலும் மாரடைப்பு குறைகிறது. மூன்று தனித்தனி வழிகளில் வந்து ஒரே இடத்தில் சேரும் சான்று இது.

அப்படியானால் சண்டை எங்கே தொடங்கியது? அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958-ல் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’தான் இதில் அதிகம் பேசப்படுவது. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் நடுவயது ஆண்கள் 12,000-க்கும் மேற்பட்டோரை அவருடைய குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. வெண்ணெயும் பாலும் மிகுந்த கிழக்குப் பின்லாந்தில் இதயநோய் மிக அதிகம். கிரீஸின் கிரீட் தீவில் மிகக் குறைவு. பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. கிரீட் மக்கள் கொழுப்பைக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. அவர்களுடைய கலோரியில் 40 சதவீதம் அளவுக்குக் கொழுப்பிலிருந்தே வந்தது, அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். ஆக, கொழுப்பின் அளவைவிட வகை முக்கியம் என்ற பாடம் அந்த ஆய்விலேயே இருந்தது. ஆனால் 1970, 80-களில் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது ‘கொழுப்பைக் குறை’ என்ற இரண்டு சொற்கள் மட்டும். கொழுப்பைக் குறைத்த பண்டங்களில் சர்க்கரையும் மாவும் ஏறின.

அந்த இரண்டு சொற்களைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் பெண்கள் நல ஆய்வு. மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் மொத்தக் கொழுப்பைக் குறைக்க வைத்தார்கள். சுமார் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

பிறகு 2010-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் இதயநோயில் தெளிவான வித்தியாசம் இல்லை என்றது. ‘வெண்ணெய் குற்றமற்றது’ என்கிற மாதிரி தலைப்புகள் வந்தன. இங்கேதான் நம் கேள்வி உதவுகிறது. குறைவாகச் சாப்பிட்டவர்கள் அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட்டார்கள்? 2015-ல் ஹார்வர்ட் குழு ஒன்று, தாங்கள் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்கள், மருத்துவத் துறை ஆண்கள் ஆகியோரின் உணவுப் பதிவுகளை இந்தக் கேள்வியோடு மறுபடி பார்த்தது. மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல்நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் இதயநோய் அபாயம் 25 சதவீதம் குறைவு. ஒற்றை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் 15. முழுத் தானியத்தை வைத்தால் 9. வெள்ளை மாவும் சர்க்கரையும் வந்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே வெண்ணெய்க்கு நான்கு விதமான பதில்கள்.

இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு. கவனிப்பு ஆய்வில் எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. நல்ல எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் நடைப்பயிற்சியும் செய்வார், புகைக்கமாட்டார். எதனால் நன்மை வந்தது என்று பிரிப்பது கடினம். அதனால், மக்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகளையும் பார்க்க வேண்டும். 50,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அப்படிப்பட்ட 15 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் தொகுத்தது. நிறைவுற்ற கொழுப்பை இரண்டு ஆண்டுகளாவது குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் மொத்தமாக 17 சதவீதம் குறைந்தன. இறப்பு விகிதத்தில் தெளிவான மாற்றம் இல்லை. 17 சதவீதம் என்பது காதுக்குப் பெரிதாகக் கேட்கும். நடைமுறையில், 50-க்கும் சற்று அதிகமானோர் நான்கு ஆண்டுபோல உணவை மாற்றினால் அவர்களில் ஒருவருக்கு அப்படி ஒரு நிகழ்வு தவிர்க்கப்படும் என்று அர்த்தம். சிறியதுதான், ஆனாலும் உண்மையான பயன்.

இதற்கு எதிராகப் போகும் சோதனையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1968 முதல் 1973 வரை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் சோள எண்ணெயை வைத்து நடந்த சோதனையின் பழைய தரவுகளைத் தேடியெடுத்து 2016-ல் வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது, இறப்பு குறையவில்லை. பலர் இடையிலேயே வீடு திரும்பிவிட்டதால் அந்த உணவை நீண்ட காலம் சாப்பிட்டவர்கள் குறைவு என்ற குறை அந்தச் சோதனைக்கு உண்டு. இருந்தாலும், ஒரே எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவது தீர்வாகாது என்று நினைக்க அது ஒரு நியாயமான காரணம்.

கொழுப்பைச் சேர்த்துப் பார்த்த சோதனையும் நடந்திருக்கிறது. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த பிரெடிமெட். ஒரு பிரிவினருக்குக் குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய், இன்னொரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் வாதுமை, அக்ரூட் வகைக் கொட்டைகள், மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை. முதல் இரண்டு பிரிவுகளிலும் இதய நிகழ்வுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. குலுக்கிப் பிரித்ததில் சில இடங்களில் தவறு நடந்தது தெரிந்ததும் 2013-ல் வெளியான கட்டுரையை ஆய்வாளர்களே திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஒரு துறை தன் தவறை இப்படி வெளியில் வைத்துத் திருத்துவதை நான் அதன் பலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கணக்கு கொஞ்சம் வேறு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, மாவு, சர்க்கரை. வெண்ணெயும் இறைச்சியும் மிகுந்த பின்லாந்துக்காரருக்கு எழுதிய அறிவுரையை அப்படியே எடுத்து, தொட்டுக்க நெய் விட்டுச் சோறு சாப்பிடுகிறவரிடம் நீட்டினால் பொருந்தாது. அவர் ஒரு கரண்டி நெய்யை விட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் என்ன லாபம்? அந்த ஆய்விலேயே, மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தை வைத்தால் நீரிழிவு வாய்ப்பு குறைவாக இருப்பது தெரிந்தது.

தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 16 சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல்லையும் 4 மில்லிகிராம் கூட்டியது. எச்டிஎல் கூடியதால் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எச்டிஎல்லை மருந்தால் கூட்டிப் பார்த்த பெரிய சோதனைகள் ஏமாற்றமே தந்ததால் அந்த வாதம் நிற்காது. தேங்காய்ச் சட்னியில் நார்ச்சத்தோடு வரும் தேங்காயும், லிட்டர் கணக்கில் ஊற்றும் தேங்காயெண்ணெயும் வேறு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்டிஎல் ஏற்கெனவே அதிகம் உள்ளவர்கள் அன்றாடத் தாளிப்புக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் போவது நல்லது.

டிரான்ஸ் கொழுப்பு: இதற்கு மட்டும் ஒரே பதில்

திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி உறைய வைத்தால் வனஸ்பதி கிடைக்கும். 1937-ல் சந்தைக்கு வந்த டால்டாவின் பெயரிலேயே நம் ஊரில் அது அறியப்பட்டது. பாதியளவு ஹைட்ரஜன் ஏறும்போது சில இரட்டைப் பிணைப்புகள் வளைவை இழந்து நேராகிவிடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. 1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், காத்தான் என்ற இருவர் செய்த சோதனையில் அது எல்டிஎல்லைக் கூட்டுவதோடு எச்டிஎல்லைக் குறைக்கவும் செய்தது தெரிந்தது. எதற்குப் பதிலாக வைத்தாலும் இது மோசம்தான். டென்மார்க் 2003-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பப்ஸ், க்ரீம் பன், மலிவான பிஸ்கட் வாங்கும்போது உறையில் ‘ஹைட்ரஜனேற்றப்பட்ட’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் தனி ஆபத்து. எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது.

பால், தயிர், மோர்

பால் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது. அப்படியென்றால் பால் பண்டங்கள் எல்லாமே எல்டிஎல்லை ஒரே மாதிரி ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. டென்மார்க்கில் ஒரே அளவு கொழுப்பை ஆறு வாரம் வெண்ணெயாகவும், ஆறு வாரம் சீஸாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சீஸ் சாப்பிட்டபோது எல்டிஎல் குறைவாக இருந்தது. சீஸில் உள்ள கால்சியம் கொழுப்பில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவீடனில் 2015-ல் வந்த சோதனை இன்னும் சுவையானது. எட்டு வாரம் தினமும் 40 கிராம் பால் கொழுப்பு. ஒரு பிரிவினருக்குப் பாலேடாக, இன்னொரு பிரிவினருக்கு நம் நெய்யைப் போல நீரும் சவ்வும் நீக்கிய வெண்ணெய்க் கொழுப்பாக. நெய் மாதிரி சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறியது, பாலேடு சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. பாலில் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. பாலேட்டில் அது இருக்கிறது. கடையும்போது அந்தச் சவ்வு உடைந்து பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது, வெண்ணெயில் தங்குவது குறைவு. அதாவது ஒரே பானையிலிருந்து வந்த மோரையும் நெய்யையும் உடல் வெவ்வேறாக எடுத்துக்கொள்ளக்கூடும். சிறிய சோதனைதான், ஆனாலும் உணவை அதிலுள்ள சத்துகளின் கூட்டுத்தொகையாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான எடுத்துக்காட்டு இது.

எலும்புக்குப் பால் நல்லதா என்பதில் ‘யாருக்கு’ என்ற கேள்வி தெளிவாகத் தெரியும். 2014-ல் சுவீடனிலிருந்து வந்த பெரிய கவனிப்பு ஆய்வில், அதிகம் பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. பலர் பயந்துவிட்டார்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7,195 பேரை வைத்து ஒரு சோதனை வந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸைக் கூட்டினார்கள். எலும்பு முறிவு 33 சதவீதம் குறைந்தது, இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம், கீழே விழுவது 11 சதவீதம். அந்த முதியவர்களின் சராசரி வயது 86. கால்சியமும் புரதமும் ஏற்கெனவே போதாமல் இருந்தவர்கள். சுவீடன் பெண்களோ பால் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் வாழ்ந்தவர்கள். குறை உள்ள இடத்தில் சேர்த்தால் பலன் தெரியும், நிரம்பிய இடத்தில் இன்னும் ஊற்றினால் தெரியாது. வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார் என்றால், ஒரு கிண்ணம் தயிரைச் சேர்க்கச் சொல்ல இந்த ஆய்வு நல்ல காரணம்.

21 நாடுகளில் 1,36,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2018-ல், நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் பால் பண்டம் சாப்பிட்டவர்களுக்கு இறப்பும் இதயநோயும் குறைவு என்றது. இந்தியாவும் அதில் இருந்தது. ஆனால் ஏழை நாட்டில் பால் வாங்க முடிகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வருமானத்தின் விளைவைப் பாலின் விளைவிலிருந்து முழுதாகப் பிரிப்பது கடினம். வெறும் சோற்றுக்குப் பதிலாகத் தயிர்ச்சோறு என்றால் அது நல்ல மாற்றம்தான் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்கிறவர்களைச் சிலர் நம்புவதில்லை. உலகில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியர்களில் இது வடமேற்கு இந்தியர்களைவிட அதிகம். அவர்களிலும் பலருக்கு ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளும், உணவோடு குடித்தால் இன்னும் எளிது. தயிர் அதைவிட நன்றாக ஒத்துக்கொள்ளும். உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மீதியைக் குடலுக்குள் செரிக்கவும் உதவும்.

தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவு குறைவு என்று பல கவனிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024-ல் இதை உறையில் அச்சிட அனுமதித்தது, சான்று குறைவானது என்று சேர்த்து அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இனிப்பும் பழச் சுவையும் சேர்த்து விற்கும் தயிர்க் கோப்பைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சத்து மாத்திரைகள்

ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. ராபர்ட் மக்காரிசன் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு மூலையில் பெரிபெரி நோய் பற்றித் தொடங்கிய சிறு ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஜவுளித் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாவதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்பது பின்னர் தெரிந்தது: ஃபோலேட். பிறகு 1991-ல், ஏழு நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் சோதனையில், முன்பு குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டால் கர்ப்பம் பாதிக்கப்பட்ட தாய்மாரில், கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) எடுத்தவர்களுக்கு அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையையே இடையில் நிறுத்திவிட்டார்கள். கருவின் நரம்புக் குழாய் முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடும், கர்ப்பம் தெரியவரும் முன்பே. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். முன்பு இப்படிப்பட்ட பாதிப்பு இருந்த தாய்மாருக்கு அளவு இன்னும் அதிகம், அதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஒரு மாத்திரை தந்த மிகப் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. குறையும் காலமும் ஆளும் தெரிந்து கொடுத்ததால் கிடைத்த வெற்றி.

நேர்மாறான கதை பின்லாந்தில். காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம், அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. சரி, பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற சோதனையிலும் கூடியதால் 1996-ல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2011-ல் வைட்டமின் ஈ முறை: 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. காரட்டும் கீரையும் செய்வதை அவற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் அதிக அளவில் செய்யாது, சில நேரம் தீங்கும் செய்யும். ‘இயற்கையானது, கெடுதல் வராது’ என்று மாத்திரை விற்கிறவர்கள் சொல்லும்போது எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும்.

வைட்டமின் டி பற்றி 25,871 அமெரிக்கர்களிடம் வைட்டல் என்ற சோதனை நடந்தது. தினம் 2,000 யூனிட். புற்றுநோய், மாரடைப்பு, பிறகு பார்த்தபோது எலும்பு முறிவு, எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதை வைத்து வைட்டமின் டியே வீண் என்று சொல்ல முடியாது. அந்த அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் அது ஏற்கெனவே போதிய அளவு இருந்தது. எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியுமாக, பரிசோதனையில் மிகக் குறைவு என்று தெரிந்த ஒருவருக்கு மருந்து தேவைதான். நம் ஊரில் பயமாக இருப்பது வேறு. 60,000 யூனிட் பொடிப் பாக்கெட் வழக்கமாக வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. அதைத் தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் பாதித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சீட்டில் எழுதிய நாளோடு நிறுத்த வேண்டும்.

மீன் எண்ணெய்க்கு வருவோம். அதே வைட்டல் சோதனையில் தினம் ஒரு கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள பல்நிறைவுறாக் கொழுப்பு வகை) இதய நிகழ்வுகளை மொத்தமாகக் குறைக்கவில்லை. 2018-ல் ரெடியூஸ்-இட் என்ற சோதனை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகமான இதயநோயாளிகள், நீரிழிவுக்காரர்கள் ஆகியோருக்கு இபிஏ என்ற ஒரு வகை ஒமேகா-3-ஐ மட்டும் சுத்தமாக்கி நாளுக்கு 4 கிராம் கொடுத்து, நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. 2020-ல் ஸ்ட்ரெங்த் என்ற சோதனை, இரு வகை ஒமேகா-3-களையும் சேர்த்து அதே 4 கிராம் கொடுத்தும் பலன் இல்லை என்றது. முதல் சோதனையில் ஒப்பீட்டுப் பிரிவினருக்குக் கொடுத்தது கனிம எண்ணெய், அவர்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறிவிட்டது. இரண்டாவதில் சோள எண்ணெய். மருந்து நன்மை செய்ததா, அல்லது ஒப்பிட்ட எண்ணெய் சிறிது கெடுதல் செய்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஒப்பீட்டுக்குக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரையிலும் ‘எதற்குப் பதிலாக’ என்ற கேள்வி வந்து நிற்கிறது, பாருங்கள். அதிக அளவு ஒமேகா-3 இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் அபாயத்தைக் கூட்டுவதும் தெரிந்திருக்கிறது. இறைச்சிக்கும் பொரித்த பண்டத்துக்கும் பதிலாக வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை, நெத்திலி குழம்பு வைப்பது பெரும்பாலானோருக்கு மலிவான, பாதுகாப்பான வழி. கடையில் தானாக வாங்கிப் போடும் குளிகையில் அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

தினம் ஒரு மல்டிவைட்டமின்? சுமார் 3,90,000 ஆரோக்கியமான அமெரிக்கர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2024-ல் வந்த ஆய்வில், தினமும் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை.

அப்படியானால் யாருக்கு மாத்திரை தேவை? கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் ஃபோலிக் அமிலம் பற்றிச் சொன்னேன். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை பலருக்குத் தேவை. அதைக் காபி, டீயோடு விழுங்கினால் உடல் சரியாக உறிஞ்சாது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நல்லது. பி12 இயற்கையாக இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு. இவற்றில் எதையும் தொடாதவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சைவர்களில் பால் குறைவாகச் சாப்பிடுகிறவர்களும், நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். கால் மதமதப்பு நீரிழிவால் வந்ததா, பி12 குறைவால் வந்ததா என்று குழம்பும் நிலை வரும்.

புரதப் பொடி பற்றி ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் நேராகவே சொல்லிவிட்டது: உடம்பை ஏற்ற அதை வாங்க வேண்டாம். அதே ஆண்டு கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் உள்ளிட்ட குழு இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய 70 சதவீதத்தில் உறையில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. முடி கொட்டுகிறது என்று வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரை சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவு தவறாக வரலாம், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. லேப்புக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது, ‘சும்மா போடுகிற சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிடாமல், என்னென்ன எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடமும் லேப்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.